ஐ2சி ஸ்கேனில் சென்சார் முகவரி வந்து வந்து மறைகிறது: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் (இனி 'பை') வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 சென்சாரை, சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் ஐ2சி வழியாக இணைத்திருக்கிறீர்கள். எந்த முகவரியில் சிப் இருக்கிறது என்று ஸ்கேன் செய்தால் ஒரு முறை ஹெக்ஸ் (16-ஐ அடிப்படையாக வைத்து எழுதும் எண்) 76 என்ற முகவரி தெரிகிறது, அடுத்த முறை அட்டவணை காலியாக வருகிறது. பைத்தான் புரோகிராம் 'ரிமோட் ஐ/ஓ எரர் 121' என்று சொல்லி நின்றுவிடுகிறது. லைப்ரரிகளை மாற்றிப் பார்த்தீர்கள், கார்டை அழித்து ஓஎஸ்ஸையும் புதிதாகப் போட்டீர்கள். சென்சாரோடு வந்த உலோகப் பின்களின் வரிசையைத் துளைகளில் "இறுக்கமாகச் செருகி" பிரெட்போர்டில் (ஒயர்களைச் செருகி இணைக்கும் துளைப் பலகை) நிறுத்தியிருப்பதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சென்சார் செத்துவிட்டதா, வேறு வாங்க வேண்டுமா என்பது கேள்வி.

வாங்க வேண்டாம். ஒரு முறையாவது 76 தெரிந்தது என்றால் அந்த நொடியில் சிப்புக்கு மின்சாரம் போயிருக்கிறது, இரண்டு சிக்னல் ஒயர்களும் தொட்டிருக்கின்றன, சிப் தன் முகவரியைக் கேட்டு "இருக்கிறேன்" என்று பதில் சொல்லியிருக்கிறது. அப்படிப் பதில் சொன்ன சிப் அடுத்த நிமிடம் தானாகச் சாவது அரிது. தொடர்பு அறுந்து அறுந்து சேர்வதுதான் வழக்கம். நீங்கள் மாற்றிப் பார்த்த லைப்ரரி, பைத்தான், ஓஎஸ் எல்லாம் மேல் அடுக்குகள். ஐ2சி ஸ்கேன் செய்யும் 'ஐ2சிடிடெக்ட்' கமாண்டுக்கும் உங்கள் பைத்தான் லைப்ரரிக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த ஸ்கேனிலேயே முகவரி நிலையாக நிற்கவில்லை என்றால், அதற்கு மேலே எதை மாற்றினாலும் பலன் இருக்காது. எந்த அடுக்கில் உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையின் முக்கால் பங்கு. அதற்குக் கீழிருந்து மேலே போக வேண்டும்: மின்சாரம், ஒயர், பஸ் (சிப்புகள் பகிர்ந்துகொள்ளும் சிக்னல் கம்பிகள்), முகவரி, சிப்பின் அடையாளம், கடைசியாகத்தான் புரோகிராம்.

எரர் எண்ணும் அடுக்கைக் காட்டிக்கொடுக்கும், அதை உதறிவிடாதீர்கள். எண் 2 என்றால் ஐ2சி-1 என்ற டிவைஸ் ஃபைலே இல்லை. ஐ2சி இன்னும் இயக்கப்படவில்லை. 13 என்றால் உங்கள் யூசருக்கு அனுமதி இல்லை. ஐ2சி குரூப்பில் சேர்த்தால் தீர்ந்தது. 110 என்றால் நேரம் கடந்துவிட்டது; பஸ்ஸில் ஒரு கம்பி கீழேயே பிடிபட்டிருக்கலாம். 121 என்றால் பை தன் வேலையை ஒழுங்காகச் செய்து முகவரியை அனுப்பியது, யாரும் பதில் சொல்லவில்லை. ஆக உங்கள் பக்கம் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) சரி, அனுமதி சரி, ஐ2சி இயங்குகிறது. ஓஎஸ்ஸைத் திரும்பப் போட்டிருக்கவே தேவையில்லை.

இப்போது அந்த "இறுக்கமாகச் செருகி" என்ற வரிக்கு வருகிறேன். என் முதல் சந்தேகம் அங்கேதான். சென்சார் சிப் பொருத்திய சின்ன போர்டான மாட்யூலின் துளைகள் பின்னை விடக் கொஞ்சம் பெரியவை. உள்ளே சாலிடர் (உருக்கி ஒட்டும் உலோகம்) பாய்ந்து சுற்றிலும் நிரம்புவதற்காகவே அந்த இடைவெளி. சாலிடர் இல்லாமல் செருகினால் பின் துளையின் ஓரத்தில் ஒரு புள்ளியில் மட்டும் சாய்ந்து தொட்டுக்கொண்டிருக்கும். மேசை அசைந்தால், ஒயர் இழுபட்டால், விரல் பட்டால் அந்தப் புள்ளி விலகிவிடும். நான்கு பின்களும் ஒரே நேரத்தில் தொட்டால்தான் சென்சார் பேசும். 76 வந்து வந்து மறைவதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. மாட்யூலின் ஓரங்களைப் பிடித்து, உலோகப் பகுதிகளைத் தொடாமல், பின் வரிசையின் மேல் பக்கவாட்டில் லேசாக அழுத்திக்கொண்டே ஸ்கேனைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். அழுத்தினால் முகவரி நிற்கிறது, விட்டால் போகிறது என்றால் விசாரணை முடிந்தது, சாலிடர் பிடிக்க வேண்டியதுதான். அழுத்திப் பிடித்தபடியே வேலை பார்க்கலாம், ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம் என்றெல்லாம் யோசிக்காதீர்கள். இன்று ஓடும், நாளை இரவு நின்றுவிடும்.

சாலிடர் செய்யும்போது பின் வரிசையின் நீளமான பக்கத்தைப் பிரெட்போர்டில் குத்தி, அதன் மேல் மாட்யூலை உட்கார வைத்தால் எல்லாம் நேராக நிற்கும். அயர்ன் நுனி பின்னையும் துளையைச் சுற்றியுள்ள செப்பு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஓரிரு நொடி சூடேறிய பிறகு, சாலிடர் கம்பியை அயர்ன் நுனிக்குக் காட்டாமல் பின்னும் வளையமும் சேரும் இடத்தில் வையுங்கள். சூடு சரியாக இருந்தால் உருகி வளையம் முழுக்க ஓடி, பின்னைச் சுற்றிச் சின்னக் கூம்பாக ஏறி நிற்கும். பின்னின் மேல் உருண்டையாகத் திரண்டு வளையத்தில் ஒட்டாமல் நின்றால் அது சரியாகப் பிடிக்காத சாலிடர், திரும்பச் சூடேற்றுங்கள். பக்கத்துப் பின்னோடு பாலம் கட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து அடுத்தடுத்த பின்களைத் தொட்டுப் பாருங்கள். எந்த இரண்டு பின்களுக்கு நடுவிலும் பீப் வரக் கூடாது. பிஎம்இ280-இன் உலோக மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், காற்று உள்ளே போகும் வழி அது. ஃப்ளக்ஸோ (சாலிடர் நன்றாகப் பிடிக்க உதவும் பொருள்), சுத்தம் செய்யும் திரவமோ அதற்குள் போகக் கூடாது.

சாலிடர் பிடித்த பிறகும் பிரச்சினை இருந்தால் அடுத்தது ஒயர். ஜம்பர் ஒயரின் பிளாஸ்டிக் முனைக்குள் கம்பியும் தகடும் நசுக்கிச் சேர்க்கப்பட்டிருக்கும். அந்த இடம் விட்டுப்போனால் வெளியிலிருந்து பார்க்க ஒயர் புதிதுபோலவே இருக்கும். ஒவ்வொரு ஒயரையும் கன்டினியூட்டியில் வைத்து, முனையை ஆட்டிக்கொண்டே பீப் அறுபடுகிறதா என்று கேளுங்கள். பிரெட்போர்டின் ஓரத்தில் ஓடும் சிவப்பு, நீல வரிசைகள் சில போர்டுகளில் நடுவில் துண்டாகியிருக்கும். கோடு நடுவில் விட்டிருந்தால் இணைப்பும் அங்கே இல்லை. முடிந்தால் இந்தக் கட்டத்தில் பிரெட்போர்டையே தூக்கிவிட்டு, பையிலிருந்து சென்சாருக்கு நேராக நான்கு ஒயர்கள் மட்டும் போடுங்கள்.

அந்த நான்கும் எங்கே போக வேண்டும் என்பதில் ஒரு பெரிய குழப்பம் உண்டு. பையில் ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு எண்கள்: போர்டில் எண்ணிக்கொண்டு வரும் வரிசை எண் ஒன்று, புரோகிராம்கள் பயன்படுத்தும் ஜிபிஐஓ எண் இன்னொன்று. எஸ்டிஏ (தரவுக் கம்பி) என்பது ஜிபிஐஓ 2, ஆனால் வரிசையில் அது 3-ஆம் பின். எஸ்சிஎல் (கிளாக் கம்பி) ஜிபிஐஓ 3, வரிசையில் 5-ஆம் பின். "எஸ்டிஏ 2-இல்" என்று எங்கோ படித்துவிட்டு வரிசையில் 2-ஆம் பின்னில் மாட்டினால் அது 5 வோல்ட், நேராக சென்சாரின் சிக்னல் காலுக்குள் போய்விடும். 3.3 வோல்ட் 1-ஆம் பின். கிரவுண்டுக்கு 6 அல்லது 9. 1-ஆம் பின்னும் 2-ஆம் பின்னும் அருகருகே இருப்பதால் கண்ணை நம்பாமல் மீட்டரால் அளந்துவிட்டு மாட்டுங்கள். 27, 28-ஆம் பின்களும் ஐ2சி பின்கள்தான், ஆனால் அவை பையின் மேல் செருகும் துணை போர்டுகளின் அடையாள மெமரியைப் படிப்பதற்காக ஒதுக்கியவை. அங்கே சென்சாரை மாட்டாதீர்கள்.

மின்னழுத்தத்தை சென்சார் முனையில் அளக்க வேண்டும். பை முனையில் 3.3 இருக்கும், அதில் சந்தேகம் இல்லை. மாட்யூலின் விசிசி (மின்சாரம் நுழையும் பின்), கிரவுண்டு பின்களில் மீட்டரை வைத்தால் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி. விசிசி ஒயர் அறுந்திருந்தாலும் அங்கே பூஜ்யம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகள் மேலே இழுக்கப்பட்டிருப்பதால், அவற்றின் வழியாக சிப்பின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு டயோடுகளைக் கடந்து கொஞ்சம் மின்சாரம் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்துவிடும். சிப் அரைகுறையாக விழிக்கும், ஸ்கேனில் முகவரியைக்கூடக் காட்டும், அளவீடு கேட்டதும் விழுந்துவிடும். விசிசியில் 3.3-க்குத் தெளிவாகக் குறைந்த ஒரு எண் தெரிந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கிரவுண்டு ஒயர் அறுந்தாலும் இதுபோன்ற கோளாறுகள் வரும். பிஎம்இ280-இன் டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரக் கையேடு) இந்த நிலையைப் பற்றி எச்சரிக்கவே செய்கிறது: சிப்புக்கு மின்சாரம் இல்லாத நேரத்தில் சிக்னல் கால்களை உயர்நிலையில் வைத்தால் அந்த டயோடுகள் வழியே அதிக மின்னோட்டம் பாய்ந்து சிப் நிரந்தரமாகக் கெடலாம். அதனால் ஒயரை மாட்டுவதும் கழற்றுவதும் பையை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே. ஓடிக்கொண்டிருக்கும்போது "இதை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன்" என்று கை வைக்காதீர்கள்.

5 வோல்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்சார் வேலை செய்யாதபோது பலர் அடுத்துச் செய்வது அதுதான். பிஎம்இ280 சிப் 1.71 முதல் 3.6 வோல்ட் வரை இயங்குவது. சில மாட்யூல்களில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும், சிக்னலின் மின்னழுத்தத்தை மாற்றும் லெவல் மாற்றியும் இருக்கும், அவை 5 வோல்ட்டைத் தாங்கும். இல்லாத மாட்யூலுக்கு 5 கொடுத்தால் சிப் போய்விடும். ரெகுலேட்டர் மட்டும் இருந்து லெவல் மாற்றி இல்லாத மாட்யூல்கள்தான் மிகவும் ஆபத்து. சிக்னல் கம்பிகளை இழுக்கும் மின்தடைகள் 5 வோல்ட் பக்கம் கட்டப்பட்டிருந்தால், சென்சார் பிழைத்துக்கொண்டாலும் பையின் பின்கள் 5 வோல்ட்டை வாங்கிக்கொள்ளும். பையின் ஜிபிஐஓ பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பைக்கு 3.3 போதும், 5-க்குப் போக வேண்டிய தேவை இந்த சென்சாரில் கிடையாது.

இனி பஸ். ஐ2சி 1982-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கியது, ஒரே போர்டுக்குள் இருக்கும் சிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக. இரண்டே கம்பிகள். எந்த சிப்பும் கம்பியை மேலே தள்ளாது; கீழே இழுக்கவும் விடவும் மட்டுமே தெரியும். மேலே கொண்டுபோவது புல்-அப் மின்தடையின் வேலை. பையில் எஸ்டிஏ, எஸ்சிஎல் இரண்டுக்கும் போர்டிலேயே 1.8 கிலோஓம் புல்-அப் 3.3 வோல்ட்டுக்குக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே யாரும் பேசாதபோது இரண்டு கம்பிகளும் 3.3 வோல்ட்டில் நிற்க வேண்டும். இந்த ஒரு உண்மை தெரிந்தால் ஆஸிலோஸ்கோப் இல்லாமலே பஸ்ஸின் உடல்நிலையைப் பார்த்துவிடலாம். புரோகிராமை நிறுத்திவிட்டு, மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையை எஸ்டிஏயிலும் வையுங்கள், பிறகு எஸ்சிஎல்லில். இரண்டிலும் 3.3 சுற்றி வந்தால் பஸ் ஓய்வில் ஆரோக்கியமாக இருக்கிறது. பூஜ்யம் வந்தால் கம்பி கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருக்கிறது, அல்லது ஒரு சிப் அதைக் கீழேயே பிடித்துக்கொண்டிருக்கிறது. 3.3-ஐத் தாண்டி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். 5 வோல்ட் எங்கிருந்தோ உள்ளே வருகிறது. நடுவில் 1, 2 வோல்ட் என்று தொங்கினால் மின்சாரம் போகாத ஒரு சிப் பஸ்ஸைக் கீழே இழுக்கிறது என்று சந்தேகப்படுவேன்.

மீட்டர் இல்லையென்றால் டெர்மினலில் 'பின்சிடிஆர்எல் கெட் 2,3' என்று கேளுங்கள். இரண்டு பின்களும் ஐ2சி வேலையில் இருக்கின்றனவா, இப்போது உயர்நிலையா தாழ்நிலையா என்று ஒரு வரியில் சொல்லிவிடும். பழைய ஓஎஸ்ஸில் இதே வேலைக்கு 'ராஸ்பி-ஜிபிஐஓ' இருந்தது.

பையின் ஐ2சி பின்களே கெட்டுவிட்டனவோ என்று பயம் இருந்தால், சென்சாரைக் கழற்றி வைத்துவிட்டு இதையே செய்யலாம். ஒன்றும் மாட்டாத நிலையில் இரண்டும் உயர்நிலை என்று வர வேண்டும். பிறகு 3-ஆம் பின்னை 330 ஓம் மின்தடை வழியாகக் கிரவுண்டோடு சேர்த்துத் திரும்பக் கேளுங்கள். 1.8 கிலோஓமுக்கு எதிராக 330 ஓம் கீழே இழுப்பதால் கம்பி அரை வோல்ட் அளவுக்கு இறங்கும், பை அதைத் தாழ்நிலை என்று படிக்க வேண்டும். மின்தடையை எடுத்ததும் உயர்நிலைக்குத் திரும்ப வேண்டும். 5-ஆம் பின்னுக்கும் அப்படியே. இரண்டும் ஒழுங்காக ஏறி இறங்கினால் பையின் காது கேட்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கேன் முடிவை எப்படிப் படிப்பது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலர் "வந்தது, வரவில்லை" என்ற அளவோடு நிறுத்திவிடுகிறார்கள். முதலில் சரியான பஸ்ஸை ஸ்கேன் செய்கிறோமா என்று பாருங்கள். 40 பின் வரிசையில் இருப்பது பஸ் 1. பை 4-இல் 20, 21 என்ற எண்களிலும் ஐ2சி பஸ்கள் பட்டியலில் தெரியும். அவை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக மானிட்டரோடு பேசுபவை, நம் சென்சார் அங்கே இருக்காது. 2012-இல் வந்த முதல் பதிப்பு பை போர்டுகளில் பஸ் 0 என்று இருந்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்து 0 போட்டுவிட்டு அட்டவணை காலி என்று திகைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அட்டவணை சட்டென்று முடிந்து எல்லா இடத்திலும் கோடு மட்டும் வந்தால், பஸ் நன்றாக இருக்கிறது, பதில் சொல்ல ஆள் இல்லை. மின்சாரம் இல்லை, அல்லது எஸ்டிஏவும் எஸ்சிஎல்லும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது ஒரு ஒயர் விட்டிருக்கிறது. இடம் மாற்றி மாட்டினால் எதுவும் எரியாது, நிம்மதியாக மாற்றிப் பார்க்கலாம். அட்டவணை ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து ஊர்ந்து வந்தால் கம்பி ஒன்று கீழே பிடிபட்டிருக்கிறது, பை ஒவ்வொரு முகவரிக்கும் காத்திருந்து களைத்துப்போகிறது. எல்லா முகவரியிலும் ஆள் இருப்பதாகக் காட்டினால் எஸ்டிஏ கீழே மாட்டிக்கொண்டிருக்கலாம். கீழே இருப்பதைத்தான் "இருக்கிறேன்" என்ற பதிலாக பை எடுத்துக்கொள்கிறது. எண்ணுக்குப் பதிலாக 'யுயு' என்று வந்தால் பதறாதீர்கள். ஏதோ ஒரு கெர்னல் டிரைவர் அந்த முகவரியை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது, அதனால் ஸ்கேன் தொடவில்லை என்று பொருள். கான்ஃபிக் ஃபைலில் அந்த சென்சாருக்கு ஓவர்லே (டிரைவரை இயக்கும் வரி) போட்டிருந்தால் இப்படி வரும். அப்போது பைத்தான் லைப்ரரியும் அதே சிப்பைக் கேட்டால் மோதும், இரண்டில் ஒன்றை விட்டுவிட வேண்டும். அந்தக் கான்ஃபிக் ஃபைல் 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து பூட் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் என்ற உள் ஃபோல்டருக்கு மாறிவிட்டது. பழைய இடத்தில் எழுதிவிட்டு ஏன் எடுபடவில்லை என்று தேடாதீர்கள்.

முகவரி 76 இல்லாமல் 77 என்று வந்தால் அதுவும் சரிதான். பிஎம்இ280-இல் எஸ்டிஓ என்ற காலைக் கிரவுண்டில் கட்டினால் 76, விசிசியில் கட்டினால் 77. எங்கேயும் கட்டாமல் அந்தரத்தில் விட்டால் முகவரி எது என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மாட்யூலில் ஆறு பின்கள் இருந்தால், 76 வந்து மறைவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். மறையும் நேரத்தில் 77-இல் தலை காட்டுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலான மாட்யூல்களில் போர்டிலேயே ஒரு மின்தடை இதைக் கட்டிவைத்திருக்கும். நான்கு பின் மாட்யூல் என்றால் இந்தக் கவலை வேண்டாம். டேட்டாஷீட்டோ எடுத்துக்காட்டுப் புரோகிராமோ இசி அல்லது இஇ என்று ஹெக்ஸில் ஒரு முகவரி சொன்னால் அது படிப்பதா எழுதுவதா என்ற பிட்டையும் சேர்த்து எழுதிய எட்டு பிட் வடிவம். பாதியாக்கினால் 76, 77 வந்துவிடும். பையில் ஏழு பிட் முகவரியையே கொடுக்க வேண்டும்.

ஆறு பின் மாட்யூலில் இன்னொரு பொறி சிஎஸ்பி என்ற கால். இந்த சிப் ஐ2சியும் பேசும், எஸ்பிஐ என்ற இன்னொரு முறையும் பேசும். சிஎஸ்பி விசிசியோடு இருந்தால் ஐ2சி. ஒரு கணமேனும் அது கீழே இறங்கிவிட்டால் சிப் எஸ்பிஐக்கு மாறிவிடும், மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுக்கும் வரை ஐ2சி பக்கம் திரும்பாது. கையை வைத்தபோது ஒரு சின்னத் தூண்டல், அதன்பின் எவ்வளவு ஸ்கேன் செய்தாலும் மௌனம், பையை அணைத்துப் போட்டால் திரும்ப உயிர் என்று நடந்தால் சிஎஸ்பியை 3.3-இல் ஒரு ஒயரால் கட்டிவிடுங்கள்.

மின்சாரத்தை நிறுத்துவது என்றேன், ரீபூட் செய்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ரீபூட்டில் சென்சாருக்குப் போகும் 3.3 வோல்ட் அறுபடும் என்று நம்ப முடியாது. ஐ2சியில் வேறொரு தொல்லைக்கும் இது பொருந்தும். சிப் ஒரு பைட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போது புரோகிராம் செத்து பை ரீபூட் ஆனால், சிப் தன் முறைக்கான கிளாக் துடிப்பை எதிர்பார்த்து எஸ்டிஏயைக் கீழே பிடித்தபடியே நின்றுவிடலாம். ஒன்பது கிளாக் துடிப்புகள் கொடுத்தால் விட்டுவிடும் என்பது ஐ2சி விதிப்படி உள்ள மருந்து. வீட்டில் அதைவிட எளிது, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நொடி விட்டுப் போடுவது.

முகவரி நிலையாக நின்ற பிறகு சிப்பின் அடையாளத்தைக் கேளுங்கள். டி0 என்ற ரெஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் ஒரு சேமிப்பு இடம்) 'ஐ2சிகெட்' கமாண்டால் படித்தால் பிஎம்இ280 ஹெக்ஸில் 60 என்று சொல்ல வேண்டும். 58 என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது பிஎம்பி280, ஈரப்பதம் அளக்கத் தெரியாத அண்ணன். இரண்டு மாட்யூல்களும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பெயர் மாறி விற்பதும் உண்டு. லைப்ரரி "தவறான சிப்" என்று அடம்பிடிப்பதன் காரணம் பல நேரம் இதுதான். இந்தக் கட்டத்தில் டி0-வைத் தொடர்ந்து நூறு முறை படிக்க ஒரு சின்ன லூப் எழுதி ஓட்டுங்கள். நூறிலும் 60 வந்தால் ஒயர் பிரச்சினை தீர்ந்தது என்று ஒத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு தவறினால் இன்னும் கீழ் அடுக்கிலேயே வேலை இருக்கிறது.

அப்படி அவ்வப்போது தவறுவதற்கு ஒயர் நீளம் ஒரு காரணம். ஐ2சி விதி மொத்த பஸ்ஸின் மின்தேக்கு அளவை 400 பிக்கோஃபாரட்டோடு நிறுத்துகிறது. 1.8 கிலோஓம் புல்-அப்போடு அந்த எல்லை வரை போனால் கம்பி மேலே ஏற 600 நானோநொடி போல் ஆகும். 100 கிலோஹெர்ட்ஸில் 1000 நானோநொடி வரை அனுமதி, தாக்குப்பிடிக்கும். 400 கிலோஹெர்ட்ஸில் அனுமதி 300 மட்டுமே, தோற்றுவிடும். பையின் இயல்பு வேகம் 100 கிலோஹெர்ட்ஸ், உயர்த்தியிருந்தால் பழையபடி இறக்குங்கள். நீளமான ஒயர் தவிர்க்கவே முடியாது என்றால் கான்ஃபிக் ஃபைலில் ஐ2சி பாட் ரேட்டை (வேகத்தை) 10000 என்று வையுங்கள், ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பம் படிக்க அது தாராளம். எஸ்டிஏயையும் எஸ்சிஎல்லையும் ஒன்றோடொன்று முறுக்காதீர்கள், ஒவ்வொன்றையும் ஒரு கிரவுண்டு ஒயரோடு முறுக்குங்கள். வேகத்தைக் குறைத்ததும் தவறுகள் நின்றால், காரணம் கம்பிதான் என்பதற்கு அதுவே சாட்சி.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒவ்வொரு மாட்யூலும் தன் புல்-அப்போடு வரும். 4.7 கிலோஓம் உள்ள நான்கு மாட்யூல்களை ஒரே பஸ்ஸில் மாட்டினால், பையின் 1.8 கிலோஓமோடு சேர்ந்து மொத்தம் 700 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். ஐ2சி சிப் 3 மில்லிஆம்பியர் இழுத்தால் போதும் என்பது விதி, 3.3 வோல்ட்டில் அதற்குக் குறைந்தது 970 ஓம் போல் வேண்டும். அதற்குக் கீழே போனால் கம்பியை முழுதாகக் கீழே இறக்கச் சில சிப்புகளுக்குத் தெம்பு இருக்காது. தனித்தனியே நன்றாக வேலை செய்த சென்சார்கள் ஒன்றாக மாட்டும்போது சண்டை போட்டால் மாட்யூல்களின் புல்-அப்களை நீக்கிவிட்டு பையின் புல்-அப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பைக்கே மின்சாரம் குறைவதையும் சரிபாருங்கள். 'விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்ட்' என்று கேட்டால் பூஜ்யம் வர வேண்டும். 50000 என்ற ஹெக்ஸ் எண் வந்தால், பூட் ஆன பிறகு எப்போதோ மின்னழுத்தம் இறங்கியிருக்கிறது. அடாப்டரையும் கேபிளையும் மாற்றுங்கள்.

எல்லாம் சரியாகி எண்கள் வரத் தொடங்கிய பிறகு, அந்த எண்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். மின்சாரம் வந்ததும் பிஎம்இ280 உறக்க நிலையில் இருக்கும். எழுப்பாமல் வெப்ப ரெஜிஸ்டரைப் படித்தால் 524288 என்ற ஒரே எண் வரும், அது ரீசெட் மதிப்பு. லைப்ரரி அதைக் கணக்கில் போட்டு நம்பும்படியான ஒரு அறை வெப்பநிலையாகவே காட்டிவிடலாம். சென்சார் மேல் ஊதினாலும் தசமப் புள்ளிக்குப் பின் ஒரு இலக்கம்கூட நகராவிட்டால் இதுதான் நடக்கிறது. டிஎஸ்18பி20 சென்சார் மின்சாரம் வந்ததும் 85 டிகிரி என்று சொல்வதும் இதே வகை. ஈரப்பதம் மட்டும் நகரவில்லை என்றால், நீங்களே ரெஜிஸ்டர் எழுதும் புரோகிராமாக இருக்கும் பட்சத்தில் வரிசையைப் பாருங்கள். எஃப்2-வில் ஈரப்பத அமைப்பை எழுதிய பிறகு எஃப்4-ஐயும் எழுதினால்தான் அது செல்லுபடியாகும். எஃப்4-ஐ முதலில் எழுதிவிட்டு எஃப்2-வோடு நிறுத்தினால் சிப் அதைக் கண்டுகொள்ளாது.

வெப்பம் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டினால் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். பையின் பிராசசர் விடும் சூடு ஒயர் வழியாகவும் காற்று வழியாகவும் அதை எட்டுகிறது. ஒரு சாண் தூரமாவது தள்ளி, பைக்கு மேலே இல்லாமல் பக்கவாட்டிலோ கீழேயோ வையுங்கள்.

சாலிடர் பிடித்துவிட்டு மூன்று எண்களை எனக்குச் சொல்லுங்கள்: சென்சார் முனையில் விசிசி எத்தனை வோல்ட், ஓய்வில் எஸ்டிஏயும் எஸ்சிஎல்லும் எத்தனை, டி0 நூறு முறை படித்ததில் எத்தனை முறை 60 வந்தது. இவை மூன்றும் சரியாக இருந்தும் பிரச்சினை தொடர்ந்தால், உங்கள் புரோகிராமை அனுப்புங்கள், அதை வரி வரியாகப் பார்க்கலாம்.